நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு

ஆம்பூர்
26 மே 2024

ஜீவாவுக்கு,

நீ ஷீபாவுக்குக் கொடுத்த புத்தகத்தை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். உன் நம்பரை போனில் தடுத்து வைத்திருக்கிறேன், கூப்பிட்டுப் பார்க்காதே. என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். அதற்காக மட்டும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மதியம் கம்பெனியில் ஷூவின் மேல்பாகத் தையலைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டில் யாரோ உன் மகளோடு நிற்கிறார்கள் என்று சூப்பர்வைசர் வந்து சொன்னார். ஓடினேன். ஆடு மேய்க்கிற ராமலிங்கம் அண்ணன் தன் வண்டியில் ஷீபாவை உட்கார வைத்துக் கொண்டு வந்திருந்தார். காலில் செருப்பு இல்லை. இரண்டு பாதமும் கொப்புளம். தலையெல்லாம் மணல். பாலாற்றின் நடுவில், உச்சி வெயிலில், கொத்துக்கரண்டியால் குழி தோண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் இடுப்பளவு குழி. "இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா மணலு சரிஞ்சி மூடியிருக்கும்மா" என்றார் அவர். பக்கத்தில் ஒரு துணிப்பை இருந்ததாம். அதில் அவள் அப்பாவின் நீலச் சட்டையும் ஒரு பாட்டில் தண்ணீரும்.

எதற்காகத் தோண்டினாய் என்று கேட்டேன். அவள் அழவில்லை.

"சித்தி குடுத்த புக்குல இருக்குதும்மா. மணலுக்கு அடியில ஆறு ஓடுது. அதுல ஓடம் வரும். நம்மள வுட்டுப் போனவங்கள ஏத்திக்கினு வரலாம்."

பன்னிரண்டு வயதுப் பெண் இதையெல்லாம் நம்புவாளா என்று நீ கேட்பாய். நம்பினாள். அவள் அப்பா ஹைவேயில் லாரி மோதிப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்தக் கோடையில்தான் அவள் கொஞ்சம் சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

நீ நூலகத்தில் வேலை செய்கிறவள். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்று நாலு பேருக்குச் சொல்கிறவள். அந்த நம்பிக்கையில்தான் அவள் கையில் இருந்ததை நான் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. இனி என் வீட்டுக்கு வராதே.

பிரிசில்லா


வாலாஜாபேட்டை
2 ஜூன் 2024

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதலில் ஒன்று. ஷீபாவின் கால் எப்படி இருக்கிறது? ஒரே ஒரு வரி எழுது, போதும்.

அடுத்தது நான் ஒத்துக்கொள்ள வேண்டியது. 'மணலடி ஓடம்' நாவலை நான் முழுக்கப் படிக்காமலேயே அவளுக்குக் கொடுத்தேன். நூலகத்துக்கு வந்த புதுப் புத்தகக் கட்டு ஒன்றில் இருந்தது. அட்டை அழகாக இருந்தது. முதல் நாலு அத்தியாயம் படித்தேன், வறண்ட ஆறும் மணலும் என்றதும் நம் பாலாறுதான் நினைவுக்கு வந்தது, ஷீபாவுக்குப் பிடிக்கும் என்று எடுத்து வைத்துவிட்டேன். அது அப்பாவைத் தேடிப் போகிற பெண்ணின் கதை என்பது அதற்கும் பிறகுதான் வருகிறது. எனக்குத் தெரியாது. தெரியாமல் சிபாரிசு செய்தேன். ஆறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், இதற்குச் சாக்கு எதுவும் கிடையாது.

நீ அனுப்பிய கவரைப் பிரித்ததும் உட்கார்ந்து கடைசி வரைக்கும் படித்தேன். ஷீபா பக்கம் நூற்றுப் பன்னிரண்டில் சாக்லேட் காகிதத்தை அடையாளமாக வைத்திருக்கிறாள். அந்தப் பக்கத்தில்தான் அந்தப் பெண் முதன்முதலாக மணலுக்கு அடியில் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கிறாள். அக்கா, அதற்கு மேல் அறுபத்தெட்டுப் பக்கம் இருக்கிறது. ஓடம் வருகிறது. அதில் அவள் அப்பா இருக்கிறார். ஆனால் அவர் இறங்குவதில்லை. அவளும் ஏறுவதில்லை. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதை நான் எழுதப் போவதில்லை, நீயே படிக்க வேண்டும். ஷீபா பாதியில் எழுந்து ஆற்றுக்குப் போய்விட்டாள். மிச்சத்தைப் படித்திருந்தால் போயிருக்க மாட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ கோபப்படுவாய். மாமா இறந்தபோது நீ அவளை என்னிடம் அனுப்பி வைத்தாய். மாமா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று பதினோரு நாள் அவளிடம் சொல்லச் சொன்னாய். நானும் சொன்னேன். அவள் அடக்கத்தைப் பார்க்கவில்லை. இன்றுவரை கல்லறைக்குப் போனதில்லை. ஓடம் வரும் என்று சொன்னது கதை. அந்தப் பதினோரு நாளும் நாம் அவளிடம் சொன்னது என்ன?

புத்தகத்தைத் திரும்ப அனுப்புகிறேன். குப்பையில் போட்டாலும் சரி.

ஜீவா


ஆம்பூர்
16 ஜூன் 2024

ஜீவாவுக்கு,

கால் ஆறிவிட்டது. பள்ளிக்கூடம் போகிறாள்.

பதினோரு நாள் கணக்கை நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அவருடைய முகத்தை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. அதைப் பத்து வயசுப் பிள்ளைக்குக் காட்டச் சொல்கிறாயா? உனக்குப் பிள்ளை இல்லை, சுலபமாக எழுதிவிட்டாய்.

புத்தகத்தைக் குப்பையில் போடவில்லை. அதில் என்னென்ன தப்பு இருக்கிறது என்று பார்ப்பதற்காக டிபன் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பக்கம் ஓடுகிறது. எழுபதாம் பக்கம் வந்திருக்கிறேன். எனக்குப் பக்கத்து மெஷினில் இருக்கிற அஃப்ஸர் ஜஹான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என்ன படிக்கிறாய் என்று கேட்கிறாள். புத்தகத்தைப் பைக்குள் தள்ளிவிட்டேன்.

அந்தக் குள்ளக் கிழவன் பாலம் கட்டுகிற இடத்தில் சிரித்துவிட்டேன். அதை எழுதுவதற்கு எனக்கு இஷ்டம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஷீபாவிடம் கொடுப்பதாக இன்னும் முடிவு செய்யவில்லை.

பிரிசில்லா


வாலாஜாபேட்டை
21 ஜூன் 2024

அக்கா,

சுலபமாக எழுதிவிட்டேன் என்றாய். உண்மைதான். மன்னித்துவிடு.

கால் ஆறிவிட்டது என்ற வரியை மட்டும் பல தடவை படித்தேன். இங்கே நூலகத்தில் சிறுவர் பகுதியைத் தனியாகப் பிரித்து வைத்து, ஒவ்வொரு மாயக்கதையையும் கடைசிப் பக்கம் வரை படித்துக்கொண்டு வருகிறேன். படித்து முடிக்காத எதையும் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. நேற்று ஒரு அம்மா வந்து மகனுக்கு நல்ல புத்தகம் கேட்டார். நாளைக்கு வாங்க, படிச்சிட்டுச் சொல்றேன் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நூற்று எழுபதாம் பக்கத்துக்கு வரும்போது கேன்டீனில் உட்கார்ந்து படிக்காதே.

ஜீவா


ஆம்பூர்
14 ஜூலை 2024

ஜீவா,

நீ சொன்னதைக் கேட்கவில்லை. கேன்டீனில்தான் படித்தேன். தட்டில் சோறு காய்ந்துபோனது. அஃப்ஸர் ஜஹான் எழுந்து வந்து தன் துப்பட்டாவால் என் முகத்தைத் துடைத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் ஷீபாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நானே வாய்விட்டுப் படித்தேன். எனக்கு அப்படிப் படித்துப் பழக்கமில்லை. தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. முதலில் வேண்டாம் என்று காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். அந்தப் பெண் தான் கட்டிக் கொண்டுவந்த சாப்பாட்டை அப்பாவிடம் நீட்டுகிற இடமும், அவர் அதை வாங்கிக்கொண்டு, ஓடத்தின் கயிற்றை நீயே அவிழ்த்து விடு என்று சொல்கிற இடமும் வந்தபோது என்னால் முடியவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். ஷீபா எடுத்து மிச்சத்தை எனக்குப் படித்துக் காட்டினாள்.

படித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள். அப்புறம் கேட்டாள்.

"அப்பா ஆஸ்பத்திரியில இருக்காருன்னு சொன்னியே, அன்னிக்கே செத்துட்டாரு இல்ல?"

ஆமாம் என்றேன். நான் பொய் சொன்னேன், உன்னிடம் சொல்லப் பயந்தேன் என்றேன். அவள் என்னை அடித்தாள், ஜீவா. தோளிலும் கையிலும் நாலைந்து அடி. வாங்கிக்கொண்டேன். பிறகு, எங்க பொதச்சிருக்கு, இப்பவே போகணும் என்றாள்.

போனோம். நாலு மணி வெயில். அவள் அங்கே நின்று, தான் ஏழாம் வகுப்புப் பாஸ் செய்தது, பல்லுக்குக் கம்பி கட்டியது, கால் சுட்டது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அவரிடம் சொன்னாள். திரும்பி வரும்போது பிரியாணி வேண்டும் என்று கேட்டாள். இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தியதுதான் தப்பு என்று நீ எழுதியது சரி. நான் எழுதிய சில வார்த்தைகள் சரியில்லை.

இப்போது கேட்கிறேன். அவளுக்கு அடுத்தது என்ன கொடுக்கலாம்? மாயம், மந்திரம் இருக்கலாம், அழ வைக்கக் கூடாது. அஃப்ஸர் ஜஹானின் பையனுக்கும் ஒன்று வேண்டுமாம். ஒன்பது வயசு, பேய் என்றால் நடுங்குவான். கடிதத்திலேயே எழுது. போனில் பேசினால் நான் வழக்கம்போல் கத்துவேன். எழுதும்போது எனக்கு நிதானம் வருகிறது.

அக்கா


வாலாஜாபேட்டை
19 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

நீ கேட்டாய் என்பதே எனக்குப் பெரிது. மூன்று புத்தகம் அனுப்புகிறேன். மூன்றும் கடைசி வரி வரை படித்தவை.

ஷீபாவுக்கு 'யாளி வளர்த்த பெண்'. கோயில் தூணிலிருந்து இறங்கி வருகிற ஒரு யாளி ஒரு கைக்குழந்தையை எடுத்து வளர்க்கிறது. அதற்கு மனுஷ சாஸ்திரம் ஒன்றும் தெரியாது, பிள்ளையைத் தும்பிக்கையால் தாலாட்டுகிறது, பல்லால் பூப்பறித்துக் கொடுக்கிறது. பெண் பெரியவளாகி ஊருக்குள் வந்து ராஜாவின் மந்திரிகளோடு வாக்குவாதம் செய்கிற இடங்களில் சத்தமாகச் சிரிப்பாள். கொஞ்சம் தடித்த புத்தகம். முதல் இருபது பக்கம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளச் சொல்.

அஃப்ஸர் அக்காவின் பையனுக்கு 'பல் விழுந்த பூதம்'. எல்லாப் பல்லும் விழுந்து கூழ் மட்டும் குடித்து வாழ்கிற பூதம். அது பிள்ளைகளைப் பார்த்தால் பயந்து பீரோவுக்குள் ஒளிந்துகொள்ளும். பேய்க்குப் பயப்படுகிறவர்கள் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

மூன்றாவது 'நிழல் விற்ற ஊர்'. ஒரு ஊரே தன் நிழலை வியாபாரியிடம் விற்றுவிடுகிறது, ஒரு சிறுமி மீட்கப் போகிறாள். அருமையான கதை, ஆனால் ஆறாம் அத்தியாயம் பயங்கரம். பதினொரு வயசுக்குக் கீழே யாருக்கும் கொடுக்காதே. ஷீபா படிக்கலாம்.

நானே கொண்டுவந்து கொடுக்கலாமா என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நீ சொல்லும்போது வருகிறேன்.

ஜீவா


ஆம்பூர்
29 செப்டம்பர் 2024

ஜீவா,

இங்கே விஷயம் பெரிதாகிவிட்டது.

நீ அனுப்பிய மூன்றும் இப்போது இருபத்தாறு ஆகியிருக்கிறது. அஃப்ஸரின் பையன் பூதத்தை நாலு தடவை படித்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறான். அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் லைனில் பெண்கள் ஆளுக்கொன்று வாங்கிப் போட்டு, கம்பெனிப் பிள்ளைகள் காப்பகத்தில் ஜன்னலோரம் அடுக்கி வைத்தோம். வேலை முடிந்து போகும்போது பிள்ளைக்கு ஒன்று எடுத்துப் போவார்கள். எந்தப் பிள்ளைக்கு எது என்று என்னைத்தான் கேட்பார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

போன வாரம் கட்டிங் செக்ஷன் பஞ்சாட்சரம் அண்ணன் வந்து தன் மகளுக்கு ஒன்று கேட்டார். லைன் ஓடிக்கொண்டிருந்த அவசரத்தில் 'நிழல் விற்ற ஊர்' எடுத்துக் கொடுத்தேன். பெண்ணுக்கு என்ன வயசு என்று கேட்கவில்லை. அவள் பூங்குழலி, எட்டு வயசு. ஆறாம் அத்தியாயம் படித்துவிட்டு மூன்று நாளாகத் தன் நிழலைப் பார்த்துப் பார்த்து அலறுகிறாளாம். நீ எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்துவிட்டேன்.

அவர் நல்ல மனுஷர், சத்தம் போடவில்லை. நேராக வெல்ஃபேர் ஆபீசர் சீனிவாசன் சாரிடம் போய்விட்டார். சார் புத்தகங்களை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பொது அறிவு, போட்டித் தேர்வு, இதெல்லாம் வைத்துக்கொள்ளுங்கள், பேய் பிசாசுக் கதை எதற்கு என்கிறார். சனிக்கிழமை தொழிலாளர் கமிட்டி கூட்டம். அதில் முடிவு செய்வார்களாம். என் தரப்பைச் சொல்ல வேண்டுமானால் வந்து சொல்லலாமாம். எனக்கு மேடையில் பேசி வழக்கமில்லை. மாயக்கதை பிள்ளைகளுக்கு ஏன் நல்லது என்று படித்தவர்கள் பேசுகிற மாதிரி ஒரு பக்கம் எழுதி அனுப்பு. மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுகிறேன்.

அக்கா


வாலாஜாபேட்டை
1 அக்டோபர் 2024

அக்கா,

இரண்டு பக்கம் எழுதினேன். கற்பனை, மனவளர்ச்சி என்று பெரிய வார்த்தைகளாகப் போட்டேன். படித்துப் பார்த்தால் எந்தக் கூட்டத்திலும் எவரும் சொல்லக்கூடியது. அனுப்பவில்லை.

பஞ்சாட்சரம் அண்ணன் சொல்வது நியாயம். முதலில் அதை ஒத்துக்கொள். அப்புறம் ஷீபாவுக்கு நடந்ததைச் சொல். எவ்வளவு சொல்வது என்பது உன் இஷ்டம். அந்தக் கூட்டத்தில் இருக்கிற எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள். அவர்களிடம் பேச உனக்கு நான் எழுதித் தர வேண்டியதில்லை.

சனிக்கிழமை முழுக்க உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஜீவா


ஆம்பூர்
6 அக்டோபர் 2024

ஜீவா,

ஜெயித்துவிட்டோம். இதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசி வரிக்குத் தாவிப் பார்ப்பாய்.

கேன்டீன் ஹாலில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். சீனிவாசன் சார் பேசினார். பஞ்சாட்சரம் அண்ணன் பேசினார், தன் பெண் விளக்கடியில் நிற்கவே பயப்படுகிறாள் என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தப்பு என்மேல்தான் என்று ஆரம்பித்தேன். வயசு கேட்காமல் கொடுத்தேன், மன்னிக்க வேண்டும் என்று அவரைப் பார்த்துச் சொன்னேன்.

அதற்கப்புறம் பாலாற்றுக் குழியைச் சொன்னேன். நீலச் சட்டையைச் சொன்னேன். அந்தப் பதினோரு நாளையும் சொல்லிவிட்டேன், ஜீவா. சொல்வதாக நினைத்துப் போகவில்லை, வந்துவிட்டது. "நான் பெத்த புள்ளகிட்ட என்னால சொல்ல முடியாதத அந்தப் புஸ்தகம் சொல்லிச்சி. நாந்தான் பொய் சொன்னேன், அது சொல்லல" என்றேன்.

அஃப்ஸர் ஜஹான் எழுந்தாள். இனி யாராவது ஒரு பெரியவர் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் எந்தப் புத்தகமும் பிள்ளை கைக்குப் போகாது, என்ன வயசு, எந்தப் பக்கத்தில் பயம், எந்தப் பக்கத்தில் அழுகை என்று அட்டைக்கு உள்ளே எழுதி ஒட்டுவோம் என்றாள். முப்பது பெண்கள் படிக்கிறோம் என்று கை தூக்கினார்கள். அதில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு புத்தகம்கூடத் தொடாதவர்கள்.

சீனிவாசன் சார் பஞ்சாட்சரம் அண்ணனைப் பார்த்து, புகார் கொடுத்தது நீங்கள், நீங்களே சொல்லுங்கள் என்றார்.

"பூட்ட வேணாம் சார்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "என் பொண்ணுக்கு எது குடுக்கலாம், இப்பவாவது கேட்டுட்டுச் சொல்லும்மா."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். சீனிவாசன் சார் ஸ்டோரிலிருந்து ஒரு ஸ்டீல் ராக்கையே கொடுத்துவிட்டார், நாலு தட்டு. ஷீபாவிடம் சொன்னபோது வாசலுக்கும் சமையலறைக்குமாக ஓடினாள்.

நவம்பர் பதினேழு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் திறப்பு. கம்பெனிப் பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். சனிக்கிழமையே வந்துவிடு. போனில் உன் நம்பரை எப்போதோ திறந்துவிட்டேன், சொல்வதற்குத்தான் வெட்கமாக இருந்தது.

உன் அக்கா


வாலாஜாபேட்டை
20 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் போனில் பேசியாயிற்று. ஆனாலும் ஒன்றை எழுத வேண்டும். ரிப்பன் வெட்டி முடிந்ததும் நீ டீ போடப் போய்விட்டாய், அதனால் நீ பார்க்காதது.

பிள்ளைகள் எல்லோரும் ராக்கைச் சூழ்ந்துகொண்டார்கள். ஷீபா ஒரு ஸ்டூல் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் சும்மா எடுத்துக் கொடுக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டாள். உனக்குச் சிரிக்கணுமா, பயப்படணுமா? இருட்டுன்னா பயமா? வீட்ல யாராவது ஒடம்பு சரியில்லாம இருக்காங்களா? ஒரு பையன் தடித்த புத்தகமாகப் பார்த்துக் கை வைத்தான். "இதுல தொண்ணூறாம் பக்கத்துல ஒரு நாய் செத்துடும். பரவால்லையா?" என்றாள். அவன் யோசித்துவிட்டு வேறு எடுத்துக்கொண்டான். ஆறு வருஷமாகப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறேன், ஒரு பிள்ளையிடமும் நான் இப்படிக் கேட்டதில்லை. பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன்.

பூங்குழலி கடைசியில் வந்தாள். பஞ்சாட்சரம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அவளுக்காக 'பல் விழுந்த பூதம்' எடுத்து வைத்திருந்தோமே, அதை நீட்டினேன். தலையை ஆட்டினாள். அப்பாவின் சட்டையை இழுத்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகம் மாறிப்போனது.

"அந்த நெழல் புக்குதான் வேணுமாம்" என்றார். "அந்தப் பொண்ணு நெழல மீட்டாளா இல்லியான்னு தெரியணுமாம். தெரியாம இருக்கறதுதான் ஜாஸ்தி பயமா இருக்குதாம்."

எட்டு வயசு. நீயே எழுதி ஒட்டியிருக்கிறாய், பதினொரு வயசுக்கு மேல் என்று. உன்னைக் கூப்பிடலாம் என்று திரும்பினேன். அதற்குள் ஷீபா ஸ்டூலை விட்டு இறங்கி, மேல் தட்டிலிருந்து புத்தகத்தை எடுத்துவிட்டாள். வீட்டுக்குக் கொடுக்கவில்லை. ஜன்னலோரமாகத் தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் காட்டினாள்.

"ஆறாவது முடிஞ்சிதுல்ல, இன்னும் அஞ்சு அத்தியாயம்தான். எனக்கு முடிவு தெரியும். பயமா வர்ற எடத்துல முன்னாடியே சொல்லிடறேன், என் கையைப் பிடிச்சிக்கோ."

பூங்குழலி உட்கார்ந்தாள். ஷீபா படிக்க ஆரம்பித்தாள். பஞ்சாட்சரம் அண்ணன் போகாமல் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றார். நீ டீயோடு வந்தபோது அவர் வாங்கிக்கொள்ளாததற்குக் காரணம் அதுதான். கதையின் நடுவில் கை நீட்ட அவருக்கு மனசு வரவில்லை.

ஜீவா